நீ எழுந்திருக்காத நாற்காலி

டேய் குள்ளா,

ஊருக்கெல்லாம் நீ கோச் சார். கல்லூரி வாசலில் கட்டியிருக்கும் பிளக்ஸில் உன் பேருக்கு முன்னால் இரண்டு வரிக்குப் பட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு நீ குள்ளன்தான். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தச் செல்லப் பேர்கூட அதிகம். ஆனால் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. செத்துப்போனவனைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டினால் நீ காதில் வாங்கினாயா? விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்? உட்கார்ந்து கேள்.

போன வாரம் ஜெனிஃபர் வந்தாள். உன் டீமுக்கு முதன்முதலில் கேப்டனாக இருந்து, பிறகு உனக்கே உதவியாளாகி, இப்போது உன் இடத்தில் கோச்சாக இருக்கும் அதே ஜெனிஃபர். கல்லூரி ஆண்டு மலரில் உனக்காக நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அதில் நான் எழுத வேண்டுமாம். "அம்மா, மகனுக்கு ஒரு தாய் எழுதுற கடிதம் மாதிரி இருக்கட்டும்மா. நல்லா பாசமா இருக்கட்டும்" என்றாள். "பாசம் வரலைன்னா?" என்று கேட்டேன். "உங்களுக்கு வராமயாம்மா" என்று சிரித்தாள். சிரித்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்றாள். "அன்னைக்கு நடந்தது மட்டும் வேண்டாம்மா" என்றாள். அன்றைக்கு நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். ஒற்றெழுத்து விட்டுப் போயிருந்தால் ஜெனிஃபர் போட்டுக்கொள்ளட்டும். சொன்ன விஷயத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது.

அன்றைக்கு நடந்தது இதுதான். உனக்கு வருஷாப்தீகம் முடிந்த வாரத்தில், உன் பேரில் கல்லூரியில் ஒரு பந்தயம் வைத்தார்கள். பிரின்சிபல் அம்மா, ஊர்ப் பெரிய மனுஷர்கள், உன்னிடம் ஆடிய பெண்கள் புருஷன் பிள்ளைகளோடு, எல்லாரும் வந்திருந்தார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், அத்தனை பேர் பார்க்க, நான் செருப்புக் காலோடு கோர்ட்டுக்குள் நடந்து போய் ஆட்டத்தை நிறுத்தினேன். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேச்சு. ஸ்ரீரங்கத்தில் கோபுர வாசல் பூக்காரி, "நீங்கதானே அந்த அம்மா?" என்று கேட்டு, முழம் போடும்போது கையை ஒரு பிடி கூடவே நீட்டினாள். பைத்தியத்துக்குக் கொசுறு. போகட்டும். நான் ஏன் உள்ளே போனேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

முதலில் நீ பார்த்த வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். உன் அப்பா கைலாசபுரத்தில் ஃபேக்டரி கேன்டீனில் பாத்திரத்தோடு பாத்திரமாக வெந்தவர். அங்கேதான் டவுன்ஷிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து இந்தக் கூடைப்பந்து உன் தலைக்குள் ஏறியது. உன் அப்பாவும் குள்ளம், நானும் குள்ளம். நீ எங்கே வளர்வாய்? நன்றாகத்தான் ஆடினாய் என்று சொன்னார்கள். ஆனால் மாநில டீமுக்கு ஆள் எடுக்கிற இடத்தில் சுவரோரம் நிற்க வைத்து அளந்து பார்த்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வாசல் நிலையின் மேல்சட்டத்தைப் பிடித்துத் தொங்கினாய். "தொங்கினா வளருவேன்மா" என்றாய். "கல்லைக் கட்டித் தொங்கவிட்டா வளர்றதுக்கு நீ என்ன புடலங்காயா?" என்றேன். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒரு வெறி உனக்குள் போய் உட்கார்ந்தது. அது உன்னைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

உன்னால் வளர முடியவில்லை என்றதும், வளர்ந்த பெண்களைத் தேடிக் கிளம்பினாய். மற்ற பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயதில் நீ உப்பிலியபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்களில் எவள் தலை கூட்டத்துக்கு மேலே தெரிகிறது என்று பார்த்தாய். தர்ம அடி விழாமல் தப்பித்தது ரங்கநாதர் புண்ணியம். மூன்று நாலு வருஷத்துக்கு முன்னால்கூடப் பச்சைமலை மேலே ஒரு வீட்டில் உன்னை மாப்பிள்ளை என்று நினைத்துப் பாய் விரித்துக் காபி கொடுத்தார்கள். நீ காபியைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பெண்ணைச் சுவரோரம் நிற்கச் சொன்னாயாம். "ஏங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா, ஆடு புடிக்க வந்தீங்களா?" என்று அவளுடைய அப்பன் கம்பை எடுத்தானாம். அந்தப் பெண்தான் சத்யா. இந்தக் கடிதத்தில் இனிமேல் வருகிறவள் அவள்தான். மரவள்ளிக்கிழங்கு போடுகிற வீடு. பஸ்ஸுக்குக் கால் கடுக்கக் காத்திருக்கிற ஊர். அவளைக் கல்லூரியில் சேர்த்து, ஹாஸ்டலில் போட்டு, காலில் ஷூ மாட்டிவிட்டு, நீ கேப்டன் ஆக்கினாய்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கல்லூரி டீமை முன்பெல்லாம் எதிர் டீம்காரிகள் "வாங்க, வந்து தோத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்களாம். அதைத் தூக்கி நிறுத்தினவன் நீ. உன்னிடம் ஆடிய பெண்கள் போலீஸில் இருக்கிறார்கள், ரயில்வேயில் இருக்கிறார்கள், பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையிலிருந்து அப்பன்மார்கள் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நம் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு என்ன வந்தது? கோப்பைகள். வைக்க இடமில்லாமல் ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் கடலைப்பருப்பு, தென்மண்டலம் என்று எழுதியிருந்ததில் புளி போட்டு வைத்தேன். "அம்மா, அது ரோலிங் டிராஃபி, திருப்பிக் கொடுக்கணும்" என்று நீ புளியைக் கொட்டிக் கழுவினாயே, ஞாபகம் இருக்கிறதா? பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டிய வயதில் நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கலாமா என்று கேட்டால், "சீசன் முடியட்டும்மா" என்பாய். மாங்காய்க்கு சீசன் உண்டு, மல்லிகைக்கு சீசன் உண்டு. உன் சீசன் மட்டும் முடியவே இல்லை.

முட்டை வேக வைத்தேனே, அதையும் சொல்கிறேன். நாம் இருப்பது ஸ்ரீரங்கத்தில் மாமி வீட்டு மாடி. முட்டை கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தாள். நீயானால் பெண்களுக்குச் சத்து வேண்டும் என்று தட்டுத் தட்டாக வாங்கி வந்து அடுக்கிவிடுவாய். விடிகிற வேளையில் ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டுவிட்டு வேக வைப்பேன். மாமி கீழேயிருந்து, "என்னடீம்மா, தெனம் கார்த்தால இத்தனை பூஜை?" என்பாள். "பையனுக்கு நேரம் சரியில்லைங்க மாமி" என்பேன். கடைசியில் ஒருநாள், "ஓட்டையெல்லாம் ரோட்டுல கொட்டாதே, என் ரோஜாச் செடிக்குப் போடு. எனக்கென்ன மூக்கு இல்லைன்னு நெனச்சியோ?" என்றாள். அந்த மாமிதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது படியில் உட்கார்ந்து, "அவன் வயசா போற வயசு?" என்று என்னைவிடச் சத்தமாக அழுதாள்.

செல்விக்கு நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. அவள் உன் கூடப் பிறந்தவள். அவள் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். சமயபுரத்தில் எல்லாரும் கூடி நிற்கிறோம். மொட்டை அடித்தாயிற்று, ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், மாமனைக் காணோம். நீ ஃபைனல் ஆடிக்கொண்டிருந்தாய். நல்ல நேரம் போகிறது என்று சொல்லி, செல்வி புருஷனின் பெரியப்பா மகன் ஒருவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தோம். அவனுக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. ஒரு காதில் ஓட்டை கோணிப்போயிற்று. சாயந்திரம் நீ அதே பனியனோடு வந்து, பிள்ளைக்கு முன்னால் கோப்பையை வைத்தாய். "மாமன் சீர்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. "இந்தக் கப்பைக் காதுல மாட்ட முடியுமான்னு கேளும்மா" என்று என்னிடம் சொன்னாள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் உன்னிடம் முகம் பார்த்துப் பேசியதே குறைவு. நீயும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. உன் கண் முழுக்கப் பந்து.

இப்போது அந்த நாற்காலிக்கு வருகிறேன். மற்ற கோச்சுகள் எல்லாம் கோட்டோரம் நடந்துகொண்டும் குதித்துக்கொண்டும் கத்துவார்கள். நீ உட்கார்ந்தே இருப்பாய். அதுவும் கடைசிப் பத்து நிமிஷத்தில் உன்னை நாற்காலியிலிருந்து யாரும் கிளப்ப முடியாது. அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தரம் ஜெயிக்கிற ஆட்டத்தில், நான் போன் பண்ணினேன். கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் நிற்கிறான், புக் எங்கேடா என்று கேட்டேன். நீ எழுந்து ஓரமாகப் போய்ப் பேசினாய். திரும்பி வருவதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, "உன் சிலிண்டரால ஒரு கப் போச்சும்மா" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த ஆட்டத்திலிருந்து கடைசிப் பத்து நிமிஷம் உன் போன் அணைந்திருக்கும், நீ நாற்காலியில் ஒட்டியிருப்பாய். ஜெயித்தீர்கள். மறுபடியும் ஜெயித்தீர்கள். அப்புறம் அது சட்டமாகிவிட்டது. கோச் சார் எழுந்தால் டீம் தோற்கும் என்று பெண்களும் நம்பினார்கள். ஜெயிக்கிற நேரத்தில் உன் நாற்காலிக் காலை ஒருத்தி பிடித்துக்கொள்வாளாம். படித்த பெண்கள். படிக்க வைத்தவன் நீ. பூனை குறுக்கே போனால் நான் ஒரு நிமிஷம் நின்று போவேன், அதற்கு என்னைக் கேலி பண்ணுவாய். நீ செய்தது என்ன?

நீ போன அன்றைக்குக் காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று ஜெனிஃபரிடம் சொல்லியிருக்கிறாய். கேஸ் என்று சோடா வாங்கிக் குடித்திருக்கிறாய். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயந்திரம் ஃபைனல். சத்யாவுக்கு ஐந்து ஃபவுல் ஆகிவிட்டது, ஐந்து ஆனால் வெளியே வந்து உட்கார்ந்துவிட வேண்டுமாம். வந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உனக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. அவளிடம் "பந்தைப் பாரு" என்று சொன்னாயாம். அதுதான் உன் கடைசி வார்த்தை. ஆட்டம் முடிந்த ஹூட்டர் அடித்து, பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்து உன்னைத் தூக்கப் போனால், நீ துணி மாதிரி சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு கோப்பை அளவு.

சாவு வீட்டில் ஒவ்வொருவரும் வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? "அம்மா, என்ன சாவு! ஜெயிச்சிட்டுக் கண்ணை மூடினாரே, யாருக்குக் கிடைக்கும்?" எனக்கு அவர்கள் வாயிலேயே போட வேண்டும் போலிருந்தது. என் பிள்ளைக்குக் கிடைத்ததை உன் பிள்ளைக்குக் கேளேன். சத்யா ஒரு மூலையில் டீம் பனியனோடு நின்றாள். செல்வி அவளைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தாள். "பக்கத்துலதானேடி உக்காந்திருந்த? மனுசன் சாகுறது தெரியலையா உனக்கு? பந்தைப் பாத்துக்கிட்டிருந்தியா?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். நான் தடுக்கவில்லை. நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் உனக்கு எள்ளும் தண்ணீரும் விட்டோம். பிள்ளை இல்லாததால் செல்வி புருஷன்தான் உட்கார்ந்தான். அன்றைக்கும் சத்யா படித்துறையில் தள்ளி நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்காருவாள். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

கல்லூரியில் உன் வார்த்தையைச் சுவரில் எழுதிவிட்டார்கள். பந்தைப் பாரு. ஆள் உயர எழுத்து. உன் நாற்காலிக்கு மாலை போட்டுக் கோர்ட்டோரம் வைத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் வரிசையில் வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சாமி விக்கிரகம்போல ஆகிவிட்டது, என் பிள்ளையைக் கொன்ற நாற்காலி. நான் பிரின்சிபல் அம்மாவிடம் போய், "அதை எடுத்துருங்கம்மா" என்று கேட்டேன். "அது எங்க பிள்ளைங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன்மா" என்றார். என்ன வார்த்தை அது என்று ஜெனிஃபரிடம் கேட்டேன். "சார் மாதிரி வலியைப் பொறுத்துக்கணும்னு தோணும்மா" என்றாள். உன் பேரில் பந்தயம் வைத்தபோது, வராதே என்று செல்வி சொல்லியும் நான் போனேன். எதற்கு என்றால், அந்த நாற்காலியைத் தூக்கி வந்து கொள்ளிடத்தில் எறிவதற்கு. ஆட்டோக்காரரை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன்.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் சத்யாவின் கால் என் கண்ணில் பட்டது. வலது முட்டி சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கட்டுப் போட்டிருந்தாள். டாக்டர் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லியிருக்கிறாராம், என் பின்னால் இருந்த ஒரு பெண் சொன்னாள், பெருமையாகச் சொன்னாள். "சார் எந்திரிச்சாரா? அவ மட்டும் எப்படி வெளிய உக்காருவா?" என்றாள். கடைசிப் பத்து நிமிஷம். சத்யா குதித்து இறங்கினாள், கால் மடங்கி விழுந்தாள். கூட்டம் "சத்யா, சத்யா" என்று கை தட்டியது. எழுந்தாள். மறுபடி ஓடினாள். ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் ஜெனிஃபரிடம் போனேன்.

"அவளை வெளிய கூப்பிடு."

"அம்மா, இன்னும் ரெண்டு நிமிஷம்தான். ஒரு பாயிண்ட்தான் வித்தியாசம்."

"அவ கால் போயிரும்டி."

"அவதாம்மா கேக்க மாட்டேங்குறா. சாருக்காக ஆடுறேங்குறா."

"உன் சாரே போயாச்சு. கூப்பிடுறியா, இல்லையா?"

ஜெனிஃபர் சுவரைப் பார்த்தாள். அவள் நல்ல பெண். ஆனால் அவள் கண்ணில் உன் கண் இருந்தது. நான் நடந்தேன். ரெஃப்ரி ஒரு சின்னப் பையன், விசிலை ஊதிக்கொண்டே, "அம்மா, அம்மா, உள்ள வரக் கூடாதும்மா, செருப்பு, செருப்பு!" என்று ஓடி வந்தான். "உன் விசிலை எடுத்து ஓரமா வைப்பா, இந்த மாதிரி எத்தனையோ விசிலை எங்க வீட்டுல சோப்புப் போட்டுக் கழுவியிருக்கேன்" என்றேன். சத்யா கையைப் பிடித்தேன். என்னைவிட இரண்டு முழம் உயரம். திமிறினால் நான் விழுந்திருப்பேன். அவள் திமிறவில்லை. ஆடு மாதிரி கூட வந்தாள். ஓரத்தில் காலியாக இருந்தது உன் நாற்காலி ஒன்றுதான். மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அவளை அதில் உட்கார வைத்தேன். கூட்டத்தில் ஒருத்தர், "ஐயோ, அதுல போயி உக்கார வைக்கிறாங்களே" என்றார். உட்காருவதற்குத்தானய்யா நாற்காலி. என் பிள்ளை அதில் உட்கார்ந்ததில் எனக்குக் குறையில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து அவளுடைய கட்டை அவிழ்த்தேன். தோல் பளபளவென்று இருந்தது. "வலிக்குதாடி?" என்றேன். அவள் முட்டியைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அம்மா, அன்னைக்கு சார் எந்திரிக்கப் பாத்தாரும்மா."

கட்டை அவிழ்த்த கையோடு நிமிர்ந்து பார்த்தேன்.

"என் தோள்ல கைய ஊனி எந்திரிக்கப் பாத்தாரு. நாந்தாம்மா, 'சார், எந்திரிக்காதீங்க சார், நாலு பாயிண்ட் லீடுல இருக்கோம், நீங்க எந்திரிச்சா போயிரும்'னு கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். அவரு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. 'சரி, பந்தைப் பாரு'ன்னாரு. நான் பந்தைப் பாத்தேன். அப்புறம் திரும்பிப் பாக்கவே இல்லம்மா."

இதைத்தான் அந்தப் பெண் வருஷம் முழுக்க வயிற்றில் வைத்துக்கொண்டு நம் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். இதற்குத்தான் அந்தக் காலை உடைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். எல்லாரும் அவளைச் சாரின் கடைசி வார்த்தையைக் கேட்டவள் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்களாம். அதைத் தாங்க முடியவில்லை என்றாள். இதை எழுதலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். காலில் மாவுக்கட்டோடு நம் வீட்டில்தான் படுத்திருக்கிறாள், மாமி ரசம் வைத்துக் கொடுத்தனுப்புகிறாள். "எழுதுங்கம்மா. அந்தச் சுவத்துல எழுதினதை அழிப்பாங்கள்ல" என்றாள். ஆகையால் மலரைப் படிக்கிற பெண்களே, உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் சார் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தது தைரியத்தால் இல்லை. சிலிண்டர் போனில் தொடங்கிய மூடநம்பிக்கையால். வலித்தால் எழுந்திருங்கள். கோப்பை போனால் போகட்டும், அதில் புளிதான் வைக்கலாம்.

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் சொன்னதாலதானாம்மா?" எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. "போடி பைத்தியம். அவன் என்னைக்கு யார் பேச்சைக் கேட்டான், உன் பேச்சைக் கேக்குறதுக்கு? அவன் கால் அதுக்கு முன்னாடியே செத்துப்போயிருக்கும், நீ சொன்னாலும் சொல்லாட்டியும் எந்திரிச்சிருக்க மாட்டான்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். அன்றிலிருந்து சோறு இறங்குகிறது அவளுக்கு.

ஆனால் எனக்கு இறங்கவில்லையடா. நீ என் பேச்சைக் கேட்டதில்லை, செல்வி பேச்சைக் கேட்டதில்லை. அந்தப் பெண்கள் பேச்சை நீ ஒருநாளும் தட்டியதில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருநாள் அவள் மறுபடி என்னைக் கேட்பாள், அன்றைக்கு நான் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குள்ளா, அவள் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால், உன்னால் எழுந்திருக்க முடிந்திருக்குமாடா?